தொழில் கணக்கில் ஒளிந்திருக்கும் வானிலை

ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் கௌப் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஆற்றோரம் ஒரு நீர்மட்ட அளவுகோல் இருக்கிறது. ஊரின் பெயரைப் பெரும்பாலானவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ரைனை நம்பிப் பிழைக்கும் ரசாயன ஆலைகளும் எண்ணெய்க் கிடங்குகளும் அந்த அளவுகோலைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கும். நதியின் நடுப்பகுதியில் ஆழம் குறைந்த இடம் அது. அங்கே தண்ணீர் எவ்வளவோ, கப்பலில் சுமையும் அவ்வளவுதான்.

2018 அக்டோபரில் அந்த அளவுகோல் 25 சென்டிமீட்டருக்கு இறங்கியது. அதற்கு முன் அவ்வளவு கீழே போனதில்லை. அளவுகோலின் பூஜ்யம் ஆற்றின் அடிமட்டத்தில் இல்லை என்பதால் கப்பல் போகும் தடத்தில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. அதுவும் ஒன்றரை மீட்டருக்குக் குறைவு. கப்பல்கள் வழக்கமான சுமையில் ஒரு சிறு பங்கை மட்டும் ஏற்றிக்கொண்டு மெதுவாக ஊர்ந்தன. கௌபிலிருந்து நதியேறிப் போனால் லுட்விக்ஸ்ஹாஃபன். பிஏஎஸ்எஃப் நிறுவனத்தின் மாபெரும் ரசாயன வளாகம் அங்கேதான் இருக்கிறது. அந்த வளாகத்துக்குள் வரும் மூலப்பொருளில் ஏறக்குறைய 40 சதவீதம் கப்பலில் வருவது. மூலப்பொருள் வரவில்லை, உற்பத்தியைக் குறைக்க வேண்டியதாயிற்று. அந்த வருடம் தண்ணீர் வற்றியதால் மட்டும் ஏற்பட்ட இழப்பு சுமார் 25 கோடி யூரோ என்று நிறுவனமே கணக்குச் சொன்னது.

அப்புறம் என்ன செய்தார்கள்? வறட்சியைத் தாங்கும் கப்பல் ஒன்றை வடிவமைத்தார்கள். 135 மீட்டர் நீளம், வழக்கத்தைவிட அதிக அகலம், எடை குறைவு. கௌபில் 30 சென்டிமீட்டர் என்றாலும் அறுநூறு டன்னுக்கு மேல் ஏற்றிக்கொண்டு கடந்துவிடும். 2023-ல் அது ஓடத் தொடங்கியது. நீர்மட்டம் குறையப்போவதை ஆறு வாரம் முன்பே கணிக்கும் ஏற்பாட்டையும் செய்துகொண்டார்கள்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்தனை காலமும் அந்த வளாகம் ‘ரைனில் தண்ணீர் ஓடும்’ என்று யாரும் எழுதி வைக்காத ஒரு நம்பிக்கையின் மேல் நின்றிருக்கிறது. எந்தக் கணக்குப் புத்தகத்திலும் அது இல்லை. தண்ணீர் வற்றிய பிறகுதான் அப்படியொரு நம்பிக்கை இருந்ததே தெரிந்தது.

ஒரு தொழில் எதை விற்கிறது, யாருக்கு விற்கிறது, காசு எப்போது கைக்கு வருகிறது, நஷ்டம் வந்தால் யார் தாங்குவது என்ற நான்கு கேள்விகளுக்கான பதிலைத்தான் வணிக மாதிரி என்கிறோம். அந்தப் பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் வானிலை பற்றிய ஓர் ஊகம் உட்கார்ந்திருக்கிறது. போன ஐம்பது வருடம் எப்படி இருந்ததோ, வரும் இருபது வருடமும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும் என்ற ஊகம். காலநிலை மாற்றம் தொழிலைத் தொடும் இடம் அதுதான். கப்பலை மாற்றினால் சமாளிக்கக்கூடிய தொழில்கள் உண்டு. அந்த நான்கு பதில்களையே மாற்ற வேண்டிய தொழில்களும் உண்டு. இந்தக் கட்டுரை இரண்டாவது வகையைப் பற்றியது.

பனாமா கால்வாயை எடுத்துக்கொள்ளலாம். கடல் நீரில் ஓடும் கால்வாய் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கப்பல்களை மலைமேட்டுக்கு ஏற்றி இறக்குவது காட்டூன் ஏரியின் நன்னீர். ஒரு கப்பல் கடக்க ஏறத்தாழ 20 கோடி லிட்டர் நன்னீர் கடலில் போய்ச் சேர்கிறது. மழை பெய்தால்தான் ஏரி, ஏரி இருந்தால்தான் கால்வாய். 2023-ல் மழை பொய்த்தபோது நாளொன்றுக்கு 36 கப்பல் கடந்த இடத்தில் 24, சில சமயம் அதற்கும் குறைவாகத்தான் விட முடிந்தது. அந்த வருடத்து வறட்சியில், பசிபிக் கடல் சில வருடங்களுக்கு ஒருமுறை இயல்பாகவே சூடேறும் எல் நினோவின் பங்கு பெரியது. எல்லா வறட்சியையும் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது, எழுதவும் கூடாது. ஆனால் கால்வாய் நிர்வாகம் அதற்கு முன்பே, 2020-லேயே, ஒரு முடிவு எடுத்திருந்தது. பெரிய கப்பல்களிடம் நன்னீர்க் கட்டணம் என்று தனியாக வாங்கத் தொடங்கியது. அதில் ஒரு பகுதி நிலையானது. இன்னொரு பகுதி ஏரியின் அன்றைய மட்டத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். நூறு வருடமாக ‘வழி’யை விற்ற நிறுவனம் இப்போது தான் விற்பது தண்ணீர் என்று ஒப்புக்கொண்டு அதற்கேற்ப விலை போடுகிறது. 2023 நவம்பரில் வரிசையில் முந்திச் செல்லும் உரிமைக்காக ஒரு ஜப்பானிய நிறுவனம் ஏலத்தில் கிட்டத்தட்ட 40 லட்சம் டாலர் கொடுத்தது. தட்டுப்பாடு வந்தால் விலை எங்கே போகும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

பனிச்சறுக்குத் தொழில் இதே பிரச்சினையை வேறு பக்கத்திலிருந்து அணுகியது. அந்தத் தொழிலின் சரக்கே வானத்திலிருந்து விழுகிறது. பனி விழுந்தால் கூட்டம், விழாவிட்டால் காலி ஓட்டல். செயற்கைப் பனி உருவாக்கும் இயந்திரம் ஓரளவுக்குக் கைகொடுக்கும். அதற்கும் குளிர் வேண்டும், தண்ணீர் வேண்டும், மின்சாரம் வேண்டும். அமெரிக்காவின் வேல் ரிசார்ட்ஸ் (Vail Resorts) என்ற பனிச்சறுக்கு நிறுவனம் 2008-ல் ‘எபிக் பாஸ்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 579 டாலர் கட்டினால் சீசன் முழுவதும் அவர்களுடைய மலைகளில் சறுக்கலாம். ஒரே நிபந்தனை, சீசன் தொடங்கும் முன்பே வாங்கிவிட வேண்டும். காத்திருந்து வாங்குபவருக்கு ஒருநாள் டிக்கெட் விலையை ஏற்றிக்கொண்டே போனார்கள். பின்னாளில் அது 200 டாலரைத் தாண்டியது. முதல் பனி விழுவதற்கு முன்பே வருடத்தின் டிக்கெட் வருமானத்தில் பெரும்பகுதி நிறுவனத்தின் கையில். அதோடு 2015-ல் ஆஸ்திரேலியாவிலும் 2016-ல் கனடாவிலும் மலைகளை வாங்கினார்கள். ஓர் இடத்தில் பனி குறைந்தாலும் இன்னோர் இடத்தில் விழும் என்ற கணக்கு.

வியாபாரமாகப் பார்த்தால் இது மிகவும் புத்திசாலித்தனமான ஏற்பாடு. நிறுவனம் இதைக் காலநிலைத் திட்டமாகத் தொடங்கவில்லை, ஆனால் விளைவு அதுதான். ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. பனி விழாத வருடத்தின் நஷ்டம் எங்கே போயிற்று? அது மறையவில்லை. முன்பணம் கட்டியவரின் தலைக்கு மாறிவிட்டது. ‘வணிக மாதிரியை மாற்றினோம்’ என்று எந்த நிறுவனம் சொன்னாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான். ஆபத்து குறைந்ததா, அல்லது இடம் மாறியதா?

இந்தக் கேள்வி கூர்மையாகத் தெரியும் இடம் காப்பீட்டுத் தொழில். ஆபத்தை விலைபோட்டு வாங்குவதுதான் அவர்கள் வேலை. நடந்தவற்றின் பட்டியலை வைத்து நடக்கப்போவதைக் கணக்கிடுவது அவர்களுடைய பழைய முறை. மியூனிக் ரீ என்ற மறுகாப்பீட்டு நிறுவனம், அதாவது காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு கொடுக்கும் நிறுவனம், 1973-லேயே பருவநிலை மாறினால் தங்கள் தொழிலுக்கு என்ன ஆகும் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் தொழில் முழுவதையும் உலுக்கியது 1992 ஆகஸ்டில் ஃப்ளோரிடாவைத் தாக்கிய ஆண்ட்ரூ புயல். 1,500 கோடி டாலருக்கும் மேல் காப்பீட்டு இழப்பு. பல நிறுவனங்கள் திவாலாயின. ‘நூறு வருடத்தில் நடந்ததை வைத்து’ போட்ட கணக்கு அன்று உடைந்தது. அதன் பிறகுதான் ஆயிரக்கணக்கான கற்பனைப் புயல்களைக் கணினியில் வீசவிட்டு இழப்பை மதிப்பிடும் முறை பரவலாயிற்று. பேரிடர்ப் பத்திரங்கள் என்று ஒரு புது வகைக் கடன் பத்திரமும் தொண்ணூறுகளின் நடுவில் வந்தது. புயல் வராவிட்டால் முதலீட்டாளருக்கு நல்ல வட்டி. சொன்ன அளவில் புயல் வந்துவிட்டால் அவர் போட்ட பணம் இழப்பீட்டுக்குப் போய்விடும்.

அமெரிக்க வீட்டுக் காப்பீட்டில் ஒரு விசித்திரம் இருக்கிறது. வீட்டுக் கடன் 30 வருடத்துக்கு. காப்பீடு ஒரு வருடத்துக்கு. கடன் கொடுத்த வங்கி, 30 வருடமும் ஒவ்வொரு வருடமாகக் காப்பீடு கிடைத்துக்கொண்டே இருக்கும் என்று நம்பித்தான் பணம் கொடுக்கிறது. காப்பீட்டு நிறுவனத்துக்கோ அப்படி ஒரு கடமையும் கிடையாது. 2023 மே மாதத்தில் ஸ்டேட் ஃபார்ம் நிறுவனம் கலிஃபோர்னியாவில் புதிய வீட்டுக் காப்பீட்டு விண்ணப்பங்களை ஏற்பதில்லை என்று அறிவித்தது. கட்டுமானச் செலவு, காட்டுத்தீ போன்ற பேரிடர்களின் பெருக்கம், மறுகாப்பீட்டு விலை என்று காரணம் சொன்னார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது ஒரு வியாபார முடிவு. ஆனால் அதன் பின்னால் நடப்பதைப் பாருங்கள். காப்பீடு இல்லாவிட்டால் கடன் கிடையாது. கடன் இல்லாவிட்டால் வீடு விற்காது. வீடு விற்காத ஊரில் கடை போடுபவர் யார்? ஒரு தொழில் தன் மாதிரியை மாற்றிக்கொண்டால் அதன்மேல் சாய்ந்திருந்த பத்துத் தொழில்களும் சேர்ந்து ஆடும்.

அதே தொழிலிலிருந்துதான் எனக்கு மிகவும் பிடித்த ஒரு புது யோசனையும் வந்திருக்கிறது. மெக்சிகோவின் கின்டானா ரோ கடற்கரையில் சுற்றுலாதான் பிழைப்பு. கரையைப் புயல் அலையிலிருந்து காப்பது கடலுக்குள் இருக்கும் பவளத்திட்டு. அலையின் வேகத்தில் பெரும்பகுதியைத் திட்டு வாங்கிக்கொண்டுவிடும். திட்டு உடைந்தால் ஓட்டல்களும் மணலும் போய்விடும். 2019-ல் அந்தத் திட்டுக்கே காப்பீடு எடுத்தார்கள். சேதத்தை யாரும் வந்து அளக்க வேண்டாம். குறிப்பிட்ட எல்லைக்குள் காற்றின் வேகம் மணிக்கு 185 கிலோமீட்டரைத் தாண்டினால் பணம் வந்துவிடும். 2020 அக்டோபரில் டெல்டா புயல் வீசியது. எட்டு லட்சம் டாலருக்கும் மேல் பணம் வந்தது. பயிற்சி பெற்ற முக்குளிப்பவர்கள் கடலுக்குள் இறங்கி உடைந்து கிடந்த பவளத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துத் திட்டில் ஒட்டினார்கள். உடைந்த பவளம் மணலில் உருண்டுகொண்டே இருந்தால் விரைவில் செத்துவிடும். அதனால்தான் பணம் உடனே வர வேண்டியிருக்கிறது, ஆய்வு செய்து ஆறு மாதம் கழித்து வந்தால் பயனில்லை. இங்கே ஆபத்தை வேறொருவர் தலையில் கட்டவில்லை. திட்டு மீண்டும் வளர்ந்தால் அடுத்த புயலின் ஆபத்தே குறைகிறது.

இதுவரை சொன்னது வானிலை நேரடியாகத் தொழிலைத் தொடும் விதம். இன்னொரு வழி சட்டமும் சந்தையும். இங்கிலாந்து வங்கியின் ஆளுநராக இருந்த மார்க் கார்னி 2015-ல் லண்டனின் லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தையில் பேசியபோது இரண்டையும் பிரித்துக் காட்டினார். வெள்ளமும் வறட்சியும் தரும் ஆபத்து ஒன்று. உலகம் கார்பனைக் கைவிடும்போது பழைய சொத்துகள் மதிப்பிழக்கும் ஆபத்து இன்னொன்று. பாதிப்புக்கு இழப்பீடு கேட்டு வழக்கு வரும் ஆபத்தையும் மூன்றாவதாகச் சேர்த்தார். அதன் பிறகு கணக்குத் தணிக்கையாளர்களும் வங்கிகளும் நிறுவனங்களிடம் கேட்கும் கேள்விகள் மாறின.

சிமென்ட் இந்த இரண்டாம் வகைக்குச் சரியான உதாரணம். உலகின் கார்பன் டை ஆக்சைடில் ஏழெட்டு சதவீதம் சிமென்டிலிருந்து வருகிறது. நிலக்கரிக்குப் பதில் வேறு எரிபொருள் போட்டாலும் பாதிக்கு மேல் அப்படியே இருக்கும். ஏனென்றால் அது சூளையின் புகை அல்ல. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கல்லுக்குள் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், அது வெளியேறினால்தான் சிமென்டே கிடைக்கும். இனி ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழையும் சிமென்ட், இரும்பு, அலுமினியம், உரம் ஆகியவற்றுக்கு அவற்றைத் தயாரிக்கும்போது வெளியான கார்பனுக்கும் விலை உண்டு. 2023 அக்டோபரில் கணக்குக் கொடுக்கும் கட்டம் தொடங்கியது. 2026 ஜனவரியிலிருந்து கட்டணக் கட்டம். ஆக, சிமென்ட் விற்பவர் ஒரு புது நெருக்கடியில் நிற்கிறார். தன் சரக்கின் சாரமான கிளிங்கரை, அதாவது சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு எடுக்கும் கட்டியை, எவ்வளவு குறைக்கிறாரோ, அவ்வளவு லாபம். சுட்ட களிமண்ணும் அரைத்த சுண்ணாம்புக்கல்லும் கலந்து கிளிங்கரைப் பாதியாகக் குறைக்கும் சிமென்ட் வந்துவிட்டது. நார்வேயின் பிரேவிக்கில் ஓர் ஆலை 2025-லிருந்து வருடத்துக்கு 4 லட்சம் டன் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக் கடலடியில் புதைக்க அனுப்பும் அளவுக்கு வசதி செய்திருக்கிறது. டன் கணக்கில் மூட்டை விற்ற தொழில், வலிமையை விற்கும் தொழிலாகவும் கழிவைப் புதைக்கும் தொழிலாகவும் மாற வேண்டியிருக்கிறது.

முழுக்க மாறிய நிறுவனம் என்றால் எல்லோரும் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட்டைச் சொல்வார்கள். சொல்லும் விதத்தில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. ஒருநாள் காலையில் ஞானம் வந்து மாறியதுபோலச் சொல்கிறார்கள். நடந்தது வேறு.

அதன் பழைய பெயர் டாங் எனர்ஜி. டேனிஷ் எண்ணெய், இயற்கை எரிவாயு என்ற பொருள் தரும் பெயர். ஐரோப்பாவில் நிலக்கரியை அதிகம் எரித்த நிறுவனங்களில் ஒன்று. ஜெர்மனியில் கட்ட நினைத்த ஒரு பெரிய நிலக்கரி மின் நிலையத்தை மக்கள் எதிர்ப்பால் 2009-ல் கைவிட வேண்டியதாயிற்று. அதே வருடம், 85 சதவீதம் புதைபடிவ எரிபொருளில் ஓடும் நிறுவனத்தை 2040-க்குள் 85 சதவீதம் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு மாற்றுவது என்று இலக்கு வைத்தார்கள். அப்போது அதை நம்பியவர்கள் குறைவு. 2012-ல் எரிவாயுச் சந்தை சரிந்து நிறுவனம் கடனில் தத்தளித்தது. மூலதனம் தேடி 2014-ல் ஒரு பங்கை அமெரிக்க முதலீட்டு வங்கியான கோல்ட்மேன் சாக்ஸுக்கு விற்றபோது டென்மார்க்கில் ஆளும் கூட்டணியே உடைந்தது. இத்தனைக்கும் நடுவில் கடல் காற்றாலைகளை ஒரே மாதிரியாக, வரிசையாக, மலிவாகக் கட்டக் கற்றுக்கொண்டார்கள். உலகின் முதல் கடல் காற்றாலைத் தொகுதி 1991-ல் டென்மார்க்கின் விண்டபியில் எழுந்தது, 11 காற்றாலைகள். அந்த அனுபவம் கையில் இருந்தது. 2017-ல் எண்ணெய், எரிவாயுப் பிரிவை விற்றுவிட்டுப் பெயரையும் மாற்றிக்கொண்டார்கள். 2040-க்கு வைத்த இலக்கு 2019-லேயே எட்டப்பட்டது.

இதற்குள் இருக்கும் உண்மையான மாற்றம் காசு வரும் விதத்தில் இருக்கிறது. நிலக்கரி நிலையத்தில் தினமும் எரிபொருள் வாங்க வேண்டும், விலை ஏறி இறங்கும். காற்றாலையில் எரிபொருள் செலவே கிடையாது, ஆனால் மொத்தப் பணத்தையும் முதலிலேயே கொட்ட வேண்டும். அதனால் இது வட்டி விகிதத்தின் தொழில். பிரிட்டன் போன்ற நாடுகள் 15 வருடத்துக்கு விலை உறுதி கொடுத்ததால்தான் கடன் மலிவாகக் கிடைத்தது. பெரும்பான்மைப் பங்கை அரசே வைத்திருந்ததால்தான் பொறுமை கிடைத்தது. வட்டி ஏறியபோது என்ன ஆயிற்று? 2023 நவம்பரில் அமெரிக்காவின் நியூ ஜெர்சிக் கடலில் திட்டமிட்ட இரண்டு பெரிய காற்றாலைத் தொகுதிகளை ஓர்ஸ்டெட் கைவிட்டது, சுமார் 400 கோடி டாலர் மதிப்பைக் கணக்கிலிருந்து கழித்தது. எரிபொருள் விலையின் ஆபத்திலிருந்து தப்பியவர்கள் வட்டியின் ஆபத்தில் மாட்டினார்கள். தோல்வி என்று நான் இதைச் சொல்ல மாட்டேன். புது மாதிரிக்கும் அதற்கே உரிய பலவீனம் உண்டு, அதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

பின்வாங்கியவர்களும் இருக்கிறார்கள். எண்ணெய் நிறுவனமான பிபி, 2030-க்குள் எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 40 சதவீதம் குறைப்பதாக 2020-ல் சொன்னது. 2023-ல் அதை 25 என்று தளர்த்தியது. 2025-ல் மீண்டும் எண்ணெயிலும் எரிவாயுவிலும் முதலீட்டைக் கூட்டுவதாக அறிவித்தது. பழைய தொழிலில் லாபம் கொழிக்கும்போது புதியதற்கு மாற எந்தப் பங்குதாரரும் அவசரப்படுவதில்லை. ஓர்ஸ்டெட்டுக்குப் பழைய தொழில் கையைக் கடித்தது, பிபிக்குக் கடிக்கவில்லை. வித்தியாசத்தில் பெரும்பகுதி அவ்வளவுதான். தார்மீக உணர்வு தானாக இந்த வேலையைச் செய்துவிடும் என்று எதிர்பார்த்துக் காத்திருக்க நமக்கு நேரமில்லை. கார்பனுக்கு விலை, விதி, காப்பீட்டுக் கட்டணம் என்று ஏதோ ஒன்று கணக்கில் கடிக்க வேண்டும்.

கடைசியாக கோக்கோ. 2024 டிசம்பரில் உலகச் சந்தையில் கோக்கோ டன் 12,000 டாலரைத் தாண்டியது. அதற்கு முந்தைய பத்தாண்டில் பெரும்பாலும் இரண்டாயிரம் மூவாயிரம் என்றுதான் இருந்தது. உலக விளைச்சலில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டே நாடுகளிலிருந்து வருகிறது. அங்கே அளவுக்கு மீறிய மழை, காய் அழுகல், பிறகு வறட்சியும் வெப்பமும். சாக்லேட் நிறுவனங்கள் சமாளித்தன. சில கோக்கோவைக் குறைத்தன, சில சாக்லேட் கட்டியைச் சிறிதாக்கின, சில விலையை ஏற்றின. விலை ஏறியதே, விவசாயிக்கு லாபம்தானே என்று தோன்றும். இரண்டு நாடுகளிலும் விளைச்சலை அரசு அமைப்புகள் முன்கூட்டியே விற்று, சீசன் தொடக்கத்தில் விவசாயிக்கு ஒரு விலை நிர்ணயித்துவிடுகின்றன. சந்தை உச்சத்தில் பறந்தபோது அந்த உயர்வில் பெரும்பகுதி அவர்கள் கைக்கு வரவில்லை.

அங்கே பரவியிருக்கும் இன்னொரு நோய், தண்டு வீங்கும் வைரஸ். மருந்து கிடையாது. மரத்தை வெட்டிப் போட்டுவிட்டுப் புதிதாக நட வேண்டும். புதுக் கன்று காய்க்க மூன்றிலிருந்து ஐந்து வருடம் ஆகும், நன்றாகப் பராமரித்தால் அதன் பிறகு இருபது வருடத்துக்கு மேல் பலன் தரும். கானாவில் அரசு வாரியம் கடன் வாங்கி நோயுற்ற தோட்டங்களை வெட்டி மறுநடவு செய்து கொடுக்க முயன்றிருக்கிறது. சாக்லேட் நிறுவனங்களின் கொள்முதலோ இன்னும் பெரும்பாலும் சீசன் கணக்கில்தான் நடக்கிறது. நோய் வந்த மரத்தை வெட்டாமல் வைத்திருக்கும் விவசாயிக்கு நிலைமை புரியாமல் இல்லை. இந்த வருடம் அதில் கிடைக்கும் நான்கு காயும் அவருக்கு வேண்டும். வெட்டிய நாளுக்கும் முதல் அறுவடைக்கும் நடுவில் இருக்கும் அந்த மூன்று, ஐந்து வருடத்துக்கு யார் பணம் போடுவது என்பதை எந்தக் கொள்முதல் ஒப்பந்தம் எழுதுகிறதோ, அந்த ஒப்பந்தத்தை வைத்திருக்கும் நிறுவனத்துக்குத்தான் இருபது வருடம் கழித்தும் வாங்குவதற்குக் கோக்கோ இருக்கும்.